தலைகீழாகத் தொங்கிய மூணு குடை

ஏரியின் அக்கரையில் மூன்று தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. விரித்துப் பிடித்த மூன்று குடைகளைப் போல வரிசையாகக் கரைமேல் நிற்கும். ஊர்க்காரர்கள் 'மூணு குடை' என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வண்டி பிடித்து வருகிறார்கள். வந்து, இக்கரையில் நின்று, கையை நீட்டி, குடைக்கம்பைப் பிடித்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ. இந்தக் கோமாளித்தனத்தைச் செய்யாமல் இதுவரை ஒரு குடும்பமும் திரும்பிப் போனதில்லை. பொழுது சாய்ந்தால் மரங்கள் இலையை மூடிக்கொண்டு தூங்கப் போய்விடும். தாமதமாக வந்து சேர்ந்தவர்கள், "என்னங்க, மரமெல்லாம் வாடிப்போச்சு?" என்று படகுக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். "ஏன், நீங்க ராத்திரி தூங்கறதில்லையா?" என்பார் அவர்.

இத்தனை கூட்டத்தையும் இழுத்து வந்தது ஒரு காலண்டர் படம். காலை வெயில். மேலே மூன்று மரங்கள், கீழே தண்ணீரில் அதே மூன்று மரங்கள். வேறு ஒன்றுமே கிடையாது. காலண்டரில் வந்த படம் பிறகு பிஸ்கட் டப்பா மூடியில் வந்தது, பஸ்ஸின் முதுகில் வந்தது, பல் டாக்டர்களின் சுவரில் எல்லாம் போய் உட்கார்ந்தது. பல்லைப் பிடுங்கும்போது நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்க ஏற்ற படம் என்று பேர் வாங்கிவிட்டது.

அந்தப் படத்தை எடுத்தவர் பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் இருக்கும் ஸ்டூடியோக்காரர். பாஸ்போர்ட் சைஸ் படம்தான் அவருக்குத் தினசரிப் பிழைப்பு. படம் எடுப்பதைவிட, எடுத்த படத்தைச் சரிசெய்வதில்தான் மனிதர் கில்லாடி. தொழிலில் அதை டச்சிங் என்பார்கள். பருவை எடுப்பார், வழுக்கையில் கொஞ்சம் முடி வைப்பார், கோட் இல்லாதவருக்குக் கோட் மாட்டுவார். குடும்பப் படத்தில் யாராவது கண்ணை மூடிவிட்டால், அதே ஆளின் வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்துத் திறந்துவிடுவார். "கல்யாண போட்டோவுல இவர் பண்ண டச்சிங்கப் பாத்துத்தான் நானே என்னை அழகின்னு நம்புனேன்," என்று அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்தபடி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

குடைப் படத்திலும் ஒரு டச்சிங் உண்டு. இரண்டாவது மரத்துக்கும் மூன்றாவது மரத்துக்கும் நடுவே, தண்ணீரை ஒட்டி, ஒரு தகரக்கூரை வீடு இருந்தது. இருக்கிறது. படத்தில் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், காலண்டர் கம்பெனிக்காரர் ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு உதட்டைச் சுழித்தார்.

"இடம் அருமைங்க. அந்தத் தகர வீடுதான் கண்ண உறுத்துது. யார் வீடு அது?"

"யாரோ மதகுக்காரர் வீடுங்க," என்றார் ஸ்டூடியோக்காரர். "எடுத்துடலாம், ஒண்ணும் பிரச்சனையில்ல."

யாரோ மதகுக்காரராம்! அந்த வீட்டில் இருந்தது அவருடைய சொந்த அக்கா. கூடப்பிறந்தவள். அந்த மதகுக்காரர் அக்காவின் வீட்டுக்காரர். ஏரி மதகைத் திறந்து மூடுகிற வேலை பார்த்து, படம் எடுத்ததற்கு முந்தின வருஷம்தான் கண்ணை மூடியிருந்தார். அவர் முதுகில் தொற்றிக்கொண்டுதான் இந்தத் தம்பி நீச்சலே பழகினான். 'என் அக்கா வீடுங்க' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் நல்ல சட்டை போட்ட ஒருவர் உதட்டைச் சுழித்துவிட்டார். அந்தத் தகரம், அந்தப் பச்சை டிரம், வாசலில் குவித்துப் போட்ட வலை எல்லாம் தன்னுடையவர்களுடையவை என்று சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவுதான் விஷயம். வேறு எந்தச் சமாதானமும் அவரிடம் கிடையாது. அன்றைக்கே உட்கார்ந்து வீட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல்லையும் புதரையும் வைத்தார். சுத்தமான வேலை.

காலண்டர் வந்ததும் ஒரு படத்துக்கு ஃபிரேம் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 'வீடு எங்கடா?' என்று அவள் கேட்பாள் என்று தெரியும். 'கம்பெனிக்காரன் எடுத்துட்டான்க்கா' என்று ஒரு பொய்யையும் தயாராகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அக்கா கேட்கவில்லை. மாமா போன பிறகு படகுக்காரர்களுக்கு வலை பின்னிக் கொடுத்துப் பிழைக்கிறவள் அவள். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள், இப்படித் திருப்பினாள், அப்படிச் சாய்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நல்லாருக்குடா," என்றாள்.

தப்பித்தோம் என்று இவர் படகேறினார். அடுத்த தடவை போனபோதுதான் பார்த்தார். படம் சுவரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேலே, மரங்கள் கீழே.

"என்னக்கா, தலைகீழா மாட்டியிருக்க?"

"எனக்கு இப்படித்தான் நல்லாருக்கு."

நேராக்கி மாட்டிவிட்டு வந்தார். அதற்கடுத்த தடவை மறுபடியும் தலைகீழ். இந்த முறை ஃபிரேமின் கொக்கியையே கழற்றி, வலைநூலால் அடிப்பக்கத்தில் கட்டியிருந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். வாயைத் திறந்து திட்டினால்கூடப் பரவாயில்லை, இப்படிச் சுவரில் மாட்டி வைத்து மானத்தை வாங்குகிறாளே! அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். போவதும் குறைந்துபோனது. போனில் பேசுவார்.

போனில் அக்கா சொல்லும் கதைகளும் அவரைக் குடைந்தன. படத்தை நம்பி வருகிறவர்கள் படகில் அக்கரைக்கே வந்து, "படத்துல இந்த வீடு இல்லையே?" என்று அவளிடமே நியாயம் கேட்பார்களாம். கதவைத் தட்டி, "அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கீங்களா? அந்தப் பச்சை டிரம்ம மட்டும் கொஞ்சம் நகத்திடுங்க," என்பார்களாம். "நானும் உள்ள போய் உக்காந்துக்கறேன்டா, திருடி மாதிரி," என்று அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இவரும் சிரிப்பார். போனை வைத்த பிறகு அவருக்கு ஒரு வாய் தண்ணீர் தேவைப்படும்.

இந்த நிலையில்தான் புதிதாக வந்த சுற்றுலா அதிகாரி ஒருநாள் ஸ்டூடியோ படியேறினார். இளைஞர், மரியாதை தெரிந்தவர், கெட்டவர் என்று சொல்ல வழியில்லை.

"சார், இந்த ஊரே உங்க படத்தாலதான் பிழைக்குது," என்று ஆரம்பித்தார். ஸ்டூடியோக்காரர் மனைவி உடனே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "வர்றவங்க ஏமாந்து போகக் கூடாது சார். படத்துல இருக்கற மாதிரியே இடம் இருக்கணும். அதுக்கு ஒரு கூட்டம் போடறோம். மேடையில வைக்க உங்க படத்தச் சுவரளவு பெரிசா பிரிண்ட் பண்ணித் தரணும்."

"அதுக்கென்ன, அசத்திடலாம்," என்றார் ஸ்டூடியோக்காரர்.

அதிகாரி படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார். "அக்கரையில இருக்கே ஒரு தகர வீடு, அது நீங்க படம் எடுத்தப்போ அங்க இருந்துச்சா?"

கல்லாவிலிருந்து மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"படத்துல இல்லையே சார்," என்றார் இவர்.

பொய் சொல்லவில்லை பாருங்கள்! படத்தில் இல்லைதானே? அதிகாரி தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். மனைவி கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த கல்லாவை.

மறுநாள் மத்தியானம் படத்தைப் பெரிதாக்க உட்கார்ந்தார். சுவரளவு படம் என்றால் சின்னத் தூசிகூடத் தட்டு அளவு தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வானம் சரி. மரம் மூன்றும் சரி. புதர் வைத்த இடம் அச்சு அசலாக இருந்தது. கீழே தண்ணீருக்கு வந்தார். 

தண்ணீரில் வீடு இருந்தது.

கரையில் இருந்த வீட்டை எடுத்தவர், ஏரியில் விழுந்திருந்த அதன் நிழலை எடுக்க மறந்திருக்கிறார். தலைகீழாக, அலையில் கொஞ்சம் நெளிந்து, மங்கலாக, தகரக்கூரை, சுவர், வாசல் எல்லாம் அப்படியே கிடந்தது. வாசலில் மஞ்சளாக ஏதோ ஒரு புள்ளி வேறு. பிஸ்கட் டப்பாவிலிருந்து பஸ் முதுகுவரைக்கும் இந்தத் தப்பு இத்தனை வருஷமாக ஊர் சுற்றியிருக்கிறது! யார் கண்ணிலாவது பட்டிருந்தால்? தொழில்காரன் எவனாவது பார்த்து, 'கரையில வீடு இல்ல, தண்ணில மட்டும் எப்படி வந்துச்சு?' என்று கேட்டிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். பக்கத்துத் தண்ணீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, கூரையை மூடினார், சுவரை மூடினார், மேலே நாலு அலையை இழுத்துவிட்டார். மஞ்சள் புள்ளி ஏதோ மிதந்துவந்த இலையாக இருக்கும் என்று மௌஸை ஒரே தட்டுத் தட்டி எடுத்தார். பெருமூச்சு விட்டார்.

அந்த நேரத்தில் அக்கா வீட்டுச் சுவர் அவர் நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வரவில்லை. தலைகீழாகத் தொங்குகிற படத்தையும் தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கிற வீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற மூளை அன்றைக்கு வேலை செய்யவில்லை. அவர் வெட்கப்பட்டார், சரி. எதற்கு வெட்கப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"என்னவோ கூட்டமாம்டா. வரச் சொல்லி ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. வீட்டப் பத்தியாம். நீ இருப்பல்ல?"

"இருப்பேன்க்கா."

"நீ இருந்தா போதும்," என்று வைத்துவிட்டாள்.

கூட்டம் ஊர்ப் பொது மண்டபத்தில் நடந்தது. படகுக்காரர்கள், டீக்கடைக்காரர்கள், தொப்பி விற்கிறவர்கள், ஏரியால் பிழைக்கிற அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மேடையில் அந்தப் பெரிய படம். உள்ளே வந்த ஒவ்வொருவரும் "அடேயப்பா!" என்றார்கள். ஸ்டூடியோக்காரருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டு வரிசை தள்ளி அவர் மனைவி. கடைசி வரிசையில், கதவோரம், அக்கா.

அதிகாரி எழுந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மூணு குடையைக் காட்சித் தலமாக அறிவித்து வருஷங்கள் ஆகின்றன. அறிவிப்புக்கு முன்னாலேயே அங்கே இருந்தவற்றை யாரும் தொட முடியாது; பின்னால் வந்தவை போயாக வேண்டும். அக்கரையில் இருப்பது ஒரே ஒரு வீடு. மதகு வேலைக்காக நீர்த்துறை வாய்மொழியாகக் கொடுத்த வீடு என்று அந்த அம்மா சொல்கிறார். அந்தத் துறை ஆபீஸே இப்போது இல்லை. ஆகவே, எப்போது கட்டினது என்று தெரிந்தால் போதும்.

"இங்க யாருக்காவது தெரியுமா?"

எல்லாருக்கும் தெரியும். மதகுக்காரர் உயிரோடு இருந்தபோது அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடிக்காத படகுக்காரர் கிடையாது. ஆனால் அந்த வீடு போனால் அங்கே படகுத்துறை வரும், நாலு கடை வரும். ஆளுக்கொரு பக்கம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"சரி," என்றார் அதிகாரி. "இந்தப் படம் அறிவிப்புக்கு முந்தின வருஷம் எடுத்தது. நீங்களே பாருங்க, வீடு இல்ல. எடுத்தவரே இங்க இருக்கார். சரிதானே சார்?"

ஸ்டூடியோக்காரர் தலையை அசைத்தார். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஓர் அசைவு. மண்டபம் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது. வாயைத் திறந்து சொல்லியிருந்தாலாவது ஆம்பளை என்று சொல்லலாம்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அக்கா நடந்து வந்தாள். மேடை ஓரம் நின்று முதலில் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள், பயப்படாதே என்கிற மாதிரி. பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

"படம் எடுத்தது என் தம்பிதான். எங்க வீட்டத் தம்பி படத்துலேர்ந்து எடுத்துட்டான்னு எனக்கு அப்பவே தெரியும். கம்பெனிக்காரங்க கேட்டிருப்பாங்க, பாவம், அவன் என்ன பண்ணுவான்? ஆனா அவனுக்கு மனசு கேக்கல. எங்களுக்குன்னு ஒரு இடம் விட்டு வச்சான். அந்த மாதிரி தம்பி யாருக்குக் கிடைப்பான்? கரையிலதான் எடுத்தான், தண்ணியில விட்டுட்டான். கூரை தெரியும், வாசல் தெரியும். அன்னிக்கு என்னையும் எடுக்கறேன்னு சொல்லியிருந்தான், அதனால மஞ்சள் சேலை கட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன். அதுவும் தெரியும், பொட்டு மாதிரி. நான் வீட்டுல அந்தப் படத்தத் தலைகீழாத்தான் மாட்டியிருக்கேன். அப்பத்தான் நாங்க நேரா நிப்போம்."

ஸ்டூடியோக்காரர் மேடைப் படத்தைப் பார்த்தார். மஞ்சள் புள்ளி. இலை. ஒரே தட்டு.

"இந்தப் படத்தக் கொஞ்சம் தலைகீழாத் திருப்பச் சொல்லுங்க தம்பி," என்றாள் அதிகாரியிடம். "இவ்வளவு பெரிசு, நல்லாவே தெரியும்."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே இரண்டு பணியாளர்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள். வேண்டாம் என்று கத்த நினைத்தார் ஸ்டூடியோக்காரர். கத்தவில்லை.

அக்கா படத்தின் அருகில் போனாள். இரண்டாவது மரத்துக்கும் மூன்றாவது மரத்துக்கும் நடுவே விரலை வைத்தாள். கூரை இருந்த இடத்தில் விரல் நகர்ந்தது. அங்கே தண்ணீர். வாசல் இருந்த இடத்துக்கு வந்தாள். அங்கேயும் தண்ணீர். கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அறுந்த கண்ணியைத் தேடுகிறவள் மாதிரி அலை அலையாகத் தேடினாள். தேடி முடித்தாள். முகத்தைத் திருப்பி முன்வரிசையில் இருந்த தம்பியைப் பார்த்தாள்.

திட்டுகிற பார்வை இல்லை அது. அவருக்கு அது இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"என் கண்ணுலதான் கோளாறு," என்றாள் கூட்டத்தைப் பார்த்து.  "பெரிசு பண்ணா சின்னது காணாமப் போயிடும் போலிருக்கு. மன்னிச்சுக்குங்க."

தம்பியைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீடே போகப் போகிற நேரத்தில் அவள் தம்பியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டுக் கடைசி வரிசைக்குத் திரும்பி நடந்தாள். பின்னால் யாரோ ஒருவன் "பாவம், வயசாயிடுச்சு," என்றான். ஸ்டூடியோக்காரர் மனைவி எழுந்து, வரிசைகளைத் தாண்டிப் போய், நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"வேற யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் அதிகாரி.

நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோக்காரர் எழுந்தார். 

"காணாமப் போகல," என்றார். "நான் அழிச்சேன்."

"என்ன சார்?"

"தண்ணில இருந்த வீட்ட. போன வாரம், இந்தப் படத்தப் பெரிசு பண்ணும்போது."  "கரையில இருந்த வீட்ட அப்பவே அழிச்சேன். அது என் அக்கா வீடு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அங்கதான் இருக்கு. பழைய காலண்டர் இந்த மண்டபத்து ஆபீஸ் ரூம்லயே தொங்குது, இறக்கிப் பாருங்க."

 ஒரு பணியாளர் உள்ளே ஓடிப்போய்ப் பழைய காலண்டரைக் கொண்டுவந்தார். அதிகாரி அதைத் தலைகீழாகப் பிடித்து, செல்போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முன்வரிசைக்காரர்களிடம் கொடுத்தார். காலண்டர் கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் ஒரு தடவை காலண்டரைப் பார்த்தார்கள், ஒரு தடவை ஸ்டூடியோக்காரரைப் பார்த்தார்கள்.

"அட, ஆமா. மஞ்சளா நிக்கிறாங்க," என்றார் டீக்கடைக்காரர்.

"கூடப்பொறந்தவ வீட்டையாய்யா?" என்றார் படகுக்காரர். சற்று முன்னால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே படகுக்காரர்தான். ஆனால் அதைச் சுட்டிக்காட்ட இவருக்கு எந்த யோக்கியதையும் இல்லை. கூனிக் குறுகி நின்றார்.

"நான் உங்க ஸ்டூடியோவுலயே கேட்டேனே சார்," என்றார் அதிகாரி மெதுவாக. "அப்பவே சொல்லியிருக்கலாமே."

  வீடு முன்னாலேயே இருந்திருக்கிறது, ஆகவே அது இருக்கும் என்று அறிவித்துவிட்டு அதிகாரி கூட்டத்தை முடித்தார். நல்ல முடிவுதான். இவர் கூட்டத்தோடு வெளியே வந்தபோது மண்டப வாசலில் அவருக்காக யாரும் நிற்கவில்லை. மனைவியும் அக்காவும் ஏற்கெனவே படகேறிப் போயிருந்தார்கள்.

அடுத்த படகில் இவர் போனார். படகுக்காரர் வழக்கமான கேலி எதுவும் இல்லாமல் துடுப்புப் போட்டார். மூணு குடை நெருங்கி நெருங்கி வந்தது. தண்ணீரில் வீட்டின் நிழல் நெளிந்துகொண்டிருந்தது. படகு அதன் மேலேயே போய்க் கரை சேர்ந்தது.

அக்கா வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தாள். மனைவி பின்பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இவர் வாசற்படியில் உட்கார்ந்தார். இந்த முறை சுவருக்கு முதுகைக் காட்டவில்லை. உள்ளே படம் தலைகீழாகத் தொங்குவது தெரிந்தது.

"அக்கா, என்னை நாலு அறை அறைஞ்சுடு," என்றார்.

"போடா. எனக்குக் கை வலிக்கும்," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை. நாலைந்து கண்ணி பின்னினாள். பிறகு வலையை மடியில் விட்டாள்.

"பெரிய படத்துல அழிச்சது, சரி. தொழில். தப்பாத் தெரிஞ்சுது, தொடச்சுட்ட. அத விடு." உள்ளே சுவரைத் தலையால் காட்டினாள். "இதுல விட்டு வச்சியே, அது மனசு கேக்காமதானே விட்ட?"

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். 'ஆமாக்கா' என்று ஒரு வார்த்தை போதும். எத்தனை பேருக்கு மூடின கண்ணைத் திறந்து வைத்தவர், எத்தனை பேருக்கு இல்லாத கோட் மாட்டியவர், இதைச் செய்ய முடியாதா? வாழ்நாள் முழுக்கச் செய்த டச்சிங்கிலேயே நியாயமான டச்சிங் இதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்ற வீறாப்பு இன்னும் இறங்கவில்லை. இனிமேல் எதையும் பூசி மெழுகுவதில்லை என்று படகில் வரும்போது சபதம் வேறு எடுத்திருந்தார்.

"இல்லக்கா," என்றார். "நான் பாக்கவே இல்ல. மறந்துபோய்த்தான் விட்டுட்டேன்."

பின்பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

அக்கா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத மட்டும் நீ சொல்லாம இருந்திருக்கலாம்டா," என்றாள்.

வலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். சுவரிலிருந்து படத்தை இறக்கினாள். தான் கட்டியிருந்த வலைநூலை அவிழ்த்து, கொக்கியை மறுபக்கத்தில் வைத்து, இறுக்கிக் கட்டினாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பிறகு படத்தை நேராக மாட்டினாள், மரங்கள் மேலே, தண்ணீர் கீழே. இத்தனை வருஷமாக அவர் அப்படி மாட்டத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஏறிட்டுப் பார்க்க முடியாமல் வாசற்படியிலேயே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.